நடுத்தூணுக்கு ஒரு நிறம்

கோதையம்மையிடம் கேள்வி கேட்பதில் ஒரு சங்கடம் உண்டு. பதில் கிடைக்குமோ கிடைக்காதோ, வேலை நிச்சயம் கிடைக்கும். மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை என்று சொல்லப்போன ஒருவர், மடத்துக் கொல்லையில் கீரைப் பாத்தி கட்டிவிட்டுத் திரும்பினார். சாவை நினைத்தால் தூக்கம் வரவில்லை என்று அழுதுகொண்டு போன ஒரு பெண்ணுக்கு மூட்டை சின்ன வெங்காயம் உரிக்கக் கிடைத்தது. இரண்டு பேரும் அதற்கப்புறம் மடத்துக்கு வருவதை நிறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அரசலாற்றிலிருந்து பிரிகிற ஒரு வாய்க்காலின் கரையில் இருக்கிறது அந்தச் சின்ன மடம். அம்மைக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். முழுப்பெயர் ஞானப்பூங்கோதை. அவருடைய அப்பா கும்பகோணத்தில் பெயிண்டுக் கடை வைத்திருந்தவர். கடையில் டப்பாக்களுக்கு நடுவே வளர்ந்த பெண், எப்படியோ இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

வைத்திலிங்கம் அவருடைய சீடர். சீடர் என்றதும் மீசை முளைக்காத பையன் என்று நினைத்துவிட வேண்டாம். அறுபதைத் தாண்டியவர். பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு பொழுது விடிந்தால் மடத்துக்கு வந்துவிடுவார். வயதில் மூத்தவர் என்பதால் அம்மை அவரை ஐயா என்பார். குரு என்பதால் அவர் அம்மையை அம்மா என்பார். இதில் இருவருக்கும் எந்தக் குழப்பமும் வந்ததில்லை.

அன்று காலை அவர் கேட்ட கேள்வி இது.

"அம்மா, மிச்சக் கோபத்தை என்ன பண்றது?"

"மிச்சமா?"

"சண்டை முடிஞ்சு நாலு வருஷம் ஆச்சு. சண்டை போன இடம் தெரியல. கோபம் மட்டும் அப்படியே கிடக்கு."

"யார் மேல?"

"தம்பி மேலதான்."

சங்கதி ஊருக்கே தெரியும். வைத்திலிங்கமும் அவர் தம்பி உலகநாதனும் ஒரே வீட்டில் பிறந்து, அந்த வீட்டையே இரண்டாகப் பிரித்து நடுவில் சுவர் எழுப்பிக் குடியிருப்பவர்கள். தெருவில் நின்று பார்த்தால் முகப்பு இரண்டு நிறத்தில் தெரியும். இடது பாதி ரோஸ், அது அண்ணன். வலது பாதி கிளிப்பச்சை, அது தம்பி. நம் ஊர்களில் இப்படிப் பாகம் பிரிந்த வீடுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒரே வளைவு பாதியில் நிறம் மாறி நிற்கும், பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், உள்ளே இருப்பவர்களுக்கு வராது.

இந்த வீட்டின் முகப்பில் நட்டநடுவே ஒரு தூண். பாகக் கோடு அந்தத் தூணை நெடுக்காக வகிர்ந்துகொண்டு போகிறது. தம்பி பச்சை அடித்தபோது கை தவறி, அண்ணன் பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சை ஏறிவிட்டது.

இரண்டே விரல். அதற்காக இரண்டு பேரும் தெருவில் நின்று, செத்துப்போன அப்பாவைக்கூட விட்டுவைக்காமல் பேசினார்கள். வைத்திலிங்கத்தின் குரல், நெரிசல் பஸ்ஸில் கடைசி சீட்டுவரை கேட்டுப் பழகிய குரல். "நீ என் தம்பியே இல்ல" என்று அவர் சொன்னது எதிர்ச்சாரி முழுக்கக் கேட்டது. அதோடு பேச்சு நின்றது. யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு விரலில் எவ்வளவு நியாயம் அடங்கும்?

"இப்ப என்ன வந்தது?" என்று கேட்டார் அம்மை.

"தம்பி பொண்ணு யாழினிக்குக் கல்யாணம். நேத்து அவளே வந்து பத்திரிகை வச்சா. பந்தக்கால் பெரியப்பாதான் நடணும்னு சொல்லிட்டுப் போயிருக்கா."

"நடுங்க."

"அந்தத் தூண் பக்கத்துலதாம்மா நடணும். அந்தப் பச்சையைப் பார்த்தேன்னா என் வாய் சும்மா இருக்காது. நல்ல காரியத்துல நாலு பேருக்கு முன்னால ஏதாவது சொல்லிடுவேன். போகாம இருந்துடலாம்னா..." நிறுத்தினார். "என் தோள்ல கிடந்து வளர்ந்த புள்ளம்மா அது."

அம்மை வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குருபூஜைக்கு மடத்துக்குப் பெயிண்ட் அடிச்சோமே. மிச்சமெல்லாம் பின்கட்டு அறையில கிடக்கு. முன்னால அடிச்சதோட மிச்சமும் அங்கதான் இருக்கு. அதுக்கு ஒரு வழி பண்ணுங்க."

"என் கேள்விம்மா?"

"அறையைக் காலி பண்ணுங்க ஐயா."

பின்கட்டு அறையில் டப்பாக்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. சில பாதி, சில கால். சிலவற்றில் என்ன நிறம் என்றே வெளியே தெரியவில்லை. கூட ஒரு தின்னர் பாட்டிலும், விறைத்துப்போன பிரஷ்களும்.

நடத்துனர் வேலை வைத்திலிங்கத்துக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்திருந்தது. எதையும் சட்டென்று முடித்து விசில் ஊதிவிட வேண்டும். முதலில் கையில் அகப்பட்டது ஆகாய நீலம், பெரிய வாளி, பாதிக்குமேல் இருந்தது. தூக்கிக்கொண்டு படித்துறையில் இறங்கினார். வாய்க்காலில் கவிழ்த்தார். அடியில் இருந்ததைக் கையால் வழித்துவிட்டார். தண்ணீர் ஊற்றி அலசி, அதையும் விட்டார். நீலம் சுழித்துக்கொண்டு போய் வளைவில் திரும்பியது. கண்ணுக்கு மறைந்ததும் அவருக்குப் பெரிய திருப்தி. அந்தத் திருப்தியில் படித்துறை நிழலிலேயே சாய்ந்து ஒரு தூக்கம் போட்டார்.

எழுந்து அடுத்ததைத் தூக்க வந்தபோது அம்மை அறை வாசலில் நின்றார்.

"அந்த நீலம் எங்க?"

"போயிடுச்சும்மா."

"எங்க போச்சு?"

"வாய்க்கால்ல."

"வாய்க்கால் எங்க போகுது?"

வழித்தடம் கேட்டால் வைத்திலிங்கத்துக்கு வாய் தானாகத் திறக்கும். "பிள்ளையார் கோயில், ரைஸ்மில், வாழைத்தோப்பு, அப்புறம் எங்க தெருவுக்குப் பின்னால..." என்று வரிசையாக நிறுத்தங்களைச் சொல்லிக்கொண்டே வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

அதற்குள் வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. இறங்கி வந்தவர் உலகநாதன். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது.

"அம்மா, வாய்க்கால்ல தண்ணி நீலமா வருது. எங்க மாடு குடிக்க இறங்கிடுச்சு, நல்லவேளை, பிடிச்சுக் கட்டிட்டோம். கல்யாணத்துக்கு ஜமக்காளமெல்லாம் அலசிக்கிட்டு இருந்தாங்க. எல்லாம் பாழ். எவன் இப்படி மேல இருந்து ஊத்தறான்னு பார்த்துக்கிட்டே..."

அப்போதுதான் அம்மைக்குப் பின்னால் நின்ற அண்ணனைப் பார்த்தார். முழங்கைவரை நீலமாக இருந்த இரண்டு கைகளையும் பார்த்தார்.

வைத்திலிங்கம் கைகளைப் பின்னால் கொண்டுபோகவில்லை. மறந்துபோனாரா, முடியவில்லையா, தெரியாது.

உலகநாதன் அம்மை பக்கம் திரும்பினார். குரல் தணிந்துவிட்டது.

"சரிம்மா. யாரோ தெரியாம ஊத்திட்டாங்க போல. கீழ மாடு வச்சிருக்கிறவங்ககிட்ட நான் சொல்லிடறேன்."

மொபெட் கிளம்புகிற சத்தம் கேட்டது.

வைத்திலிங்கத்துக்கோ தம்பி திட்டியிருந்தால் தேவலை. திட்டினால் திருப்பிக் கொடுக்க நாலு வருஷமாக வாக்கியங்களைத் தயாராக வைத்திருந்தார். அத்தனையும் உபயோகம் இல்லாமல் போயிற்று.

"பார்த்துட்டும் ஒண்ணும் சொல்லாம போறானே அம்மா."

"ஆமா."

"ஏன்?"

"கையைக் கழுவுங்க. வாய்க்கால்ல வேணாம். வாளியில."

கழுவினார். கழுவிய தண்ணீரை வாளியோடு ஓரமாக வைக்கச் சொன்னார் அம்மை. வைத்தார். அதற்கப்புறம் யாரும் சொல்லாமலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையில் நடக்க ஆரம்பித்தார்.

அன்று ஊர் ஒரு வேடிக்கை பார்த்தது. அக்கரையில் தம்பி மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போகிறார். இக்கரையில் அண்ணன். ஒரே திசை, ஒரே வேலை, ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அண்ணனுக்கு வீடு வீடாக ஏற வேண்டிய அவசியம் இல்லை. கரையில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும்.

"மாட்டைத் தண்ணிக்கு விடாதீங்க! பெயிண்ட் கலந்திருக்கு! புள்ளைங்களை இறக்காதீங்க!"

வாழைத்தோப்பிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "எந்த மடையன்யா ஊத்தினது?"

"நான்தான்யா," என்றார் வைத்திலிங்கம்.

அந்தக் குரல் அக்கரைக்கும் கேட்டது. மொபெட் ஒரு நொடி நின்று, மறுபடி நகர்ந்தது.

மறுநாள் வைத்திலிங்கம் புதுத் திட்டத்தோடு வந்தார். எல்லா டப்பாக்களுக்கும் மூடியைத் தேடிப் பொருத்தி, சுத்தியலால் தட்டி இறுக்கி, சுவரோரமாக அடுக்கினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"ஊத்தினாத்தானே வம்பு. இறுக்கி மூடிட்டேம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"அந்தக் கீழ இருக்கிறதைத் திறங்க."

"அதைத் தொடவே இல்லம்மா. ரொம்ப வருஷமா மூடியே இருக்கு."

"திறங்க."

திருப்புளியால் நெம்பினார். மூடி துருப்பிடித்திருந்தது. கொஞ்சம் விலகியதுமே வந்த நாற்றத்தில் இரண்டு பேரும் பின்வாங்கினார்கள். உள்ளே வெள்ளை இருந்த இடத்தில் கட்டி கட்டியாக ஏதோ மிதந்தது.

"நல்லா மூடித்தானேம்மா இருந்தது."

"நல்லாத்தான் மூடியிருந்தது. அடுத்ததைத் திறங்க."

ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். சில கெட்டுப்போயிருந்தன. சில மேலே ஒரு ஏடு படிந்து, எடுத்துப் போட்டால் கீழே நல்லதாகவே இருந்தன. கலக்கிப் பார்க்காமல் எது எப்படி என்று சொல்ல முடியவில்லை. கதவுக்கு அடித்த பிரவுன் எனாமலைத் திறக்கும்போது கை நிறைய வழிந்துவிட்டது. வைத்திலிங்கம் பழைய துணிகளால் துடைத்துத் துடைத்து, பந்தாகச் சுருட்டி, கோணிகள் கிடந்த மூலையில் எறிந்தார்.

அம்மை கோபப்பட்டு அவர் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தார். அம்மை எழுந்து ஓடிப்போய் அந்தத் துணிகளைப் பொறுக்கி, வெளியே கொடியில் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டார்.

"எண்ணெய்ப் பெயிண்ட் துடைச்ச துணி ஐயா. சுருட்டி மூலையில போட்டா உள்ளுக்குள்ளயே சூடு ஏறும். தானாப் பத்திக்கும். எங்கப்பா குடோன்ல ஒரு தடவை பத்திக்கிச்சு."

"யாரும் நெருப்பு வைக்காமயா?"

"யாரும் வைக்கல. ராத்திரி பூட்டிட்டுப் போனோம். காலையில பாதி குடோன் இல்ல."

வைத்திலிங்கம் கொடியில் ஆடும் துணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குப் போகும்போது வழக்கமாக டீக்கடையில் உட்கார்ந்து தம்பியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். அன்று டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த சில நாள் பிரிக்கிற வேலை. எண்ணெய்ப் பெயிண்டைத் தண்ணீரில் கரைகிற பெயிண்டோடு சேர்க்கக் கூடாது என்றார் அம்மை. சேர்த்தால் இரண்டும் ஒன்றுக்கும் உதவாது. பிரவுன் எனாமல் நல்ல நிலையில் இருந்தது. சைக்கிள் கடைக்காரர் தம் கடை பெஞ்சுக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பிரஷ் கழுவிய தின்னரை அசைக்காமல் வைத்திருந்து, தெளிந்ததை மேலாக இறுத்துப் பழையபடி பாட்டிலில் ஊற்றி வைத்தார்கள். அடியில் நின்ற கசடைத் தனி டப்பாவில் எடுத்து, குப்பை வண்டி கொண்டுவரும் அம்மாளிடம் இன்னது என்று சொல்லிக் கொடுத்தார்கள். அந்த அம்மாள் அதை மற்றக் குப்பையோடு போடாமல் வண்டியில் தனியாகத் தொங்கிய பையில் வைத்துக்கொண்டார்.

கெட்டுப்போனதுதான் நிறைய இருந்தது.

"இதை என்னம்மா பண்றது? யாரும் வாங்க மாட்டாங்க, ஊத்தவும் கூடாது, மூடவும் கூடாது."

"காய வைங்க. காஞ்சு கட்டியாயிட்டா யாரையும் ஒண்ணும் பண்ணாது."

பழைய தகரத் தட்டுகளைக் கொல்லையில், ஆடு மாடு வராத இடத்தில் பரப்பினார்கள். வைத்திலிங்கம் அவசரமாக எல்லாவற்றையும் ஒரே தட்டில் தளும்பத் தளும்பக் கவிழ்த்தார். இரண்டு நாள் நல்ல வெயில். மூன்றாம் நாள் வந்து விரலால் தொட்டுப் பார்த்தவருக்கு ஒரே சந்தோஷம்.

"காஞ்சிடுச்சும்மா!"

அம்மை ஒரு குச்சியை எடுத்து நடுவில் குத்தினார். மேல் தோல் கிழிந்தது. உள்ளேயிருந்து ஈரப் பெயிண்ட் கொப்பளித்து அவர் கட்டைவிரல் வரைக்கும் வந்தது.

"உள்ள அப்படியே இருக்கேம்மா."

"மேல தோல் கட்டியிருக்கு."

"இப்ப என்ன பண்ணணும்?"

"தோலை எடுத்துட்டு மணலைக் கலங்க. நாலு தட்டுல மெல்லிசாப் பரப்புங்க. தினம் வந்து கிளறி விடுங்க."

"எத்தனை நாள் ஆகும்?"

"காயற வரைக்கும்."

தினமும் வந்து கிளறினார். கிளறும்போது ஒருநாள் தம்பிக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. இதே வாய்க்கால்தான். இன்னொரு நாள், தூணில் அந்த இரண்டு விரல் பச்சையைப் பார்த்ததும் தம்பிதான் முதலில் "துடைச்சிடறேண்ணே" என்று சொன்னது ஞாபகம் வந்தது. அதை இத்தனை வருஷமாக அவர் யாரிடமும் சொன்னதில்லை. தமக்கே சொல்லிக்கொண்டதில்லை. குச்சியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் வெயிலிலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்கு அழுகை வந்தது. கொல்லையில் யாரும் இல்லாததால் அழுதார்.

கடைசியில் நல்ல பெயிண்ட் மட்டும் மிச்சம். சந்தனம் கொஞ்சம், வெள்ளை கொஞ்சம், ஏதோ பழைய வருஷத்து ரோஸ் ஒரு கிண்ணம். எல்லாம் தண்ணீரில் கரைகிற ஜாதி. தனித்தனியாக எதுவும் ஒரு சுவருக்குக் காணாது.

"ஒண்ணா ஊத்துங்க," என்றார் அம்மை.

"கலர் கெட்டுடுமேம்மா."

"ஊத்துங்க."

பழைய வேட்டித் துணியில் வடிகட்டி ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கினார். முதலில் கோடு கோடாகச் சுழன்றது. கலக்கக் கலக்கக் கோடுகள் மறைந்து, சத்துமாவுக் கஞ்சி நிறத்தில் ஒன்றாகி நின்றது.

"இது என்ன கலரும்மா?"

"இதுக்குப் பேர் இல்ல. கடையில கேட்டா கிடைக்காது."

"எங்க அடிக்கிறது?"

"மடத்துல இனிமே அடிக்க இடமில்ல. உங்களுக்கு எங்கயாவது தேவைப்படுதா பாருங்க."

வைத்திலிங்கம் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஒரு தூணுக்குப் போதுமாம்மா?"

பெயிண்டுக் கடைக்காரர் மகள் வாளியைச் சாய்த்துப் பார்த்தார்.

"ரெண்டு கோட்டிங் வரும்."

மறுநாள் காலை வைத்திலிங்கம் வாளியும் ஒரு பிரஷும் உப்புத்தாளுமாகத் தம் வீட்டு முகப்பில், தூணுக்கு முன்னால் நின்றார். தெருவோரம் பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கியிருந்தது. தூணில் ரோஸும் பச்சையும் பழையபடி முறைத்துக்கொண்டிருந்தன. முதலில் ரோஸ் பக்கத்தைத் தேய்த்தார். அந்த இரண்டு விரல் வந்தபோது கை ஒரு கணம் நின்றது. அதையும் தேய்த்தார்.

சத்தம் கேட்டு உலகநாதன் வெளியே வந்தார்.

"என்னது அது?"

"பெயிண்ட்."

"அது தெரியுது. என்ன கலர்?"

"பேர் இல்லையாம்."

உலகநாதன் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். தூணைப் பார்த்தார். அண்ணன் கையில் இருந்த உப்புத்தாளைப் பார்த்தார்.

"முழுத் தூணுக்குமா?"

"நீ சரின்னா."

தெருவில் ஒரு பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, போகவும் மனசில்லாமல் நிற்கவும் துணிச்சல் இல்லாமல் பெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிரஷ் ஒண்ணுதான் இருக்காண்ணே?" என்று கேட்டார் உலகநாதன்.

"ஒண்ணுதான்."

அந்த 'அண்ணே' வைத்திலிங்கத்தின் காதில் விழுந்து நாலு வருஷம் ஆயிற்று.

உலகநாதன் உள்ளே போனார். போனவர் வருவதற்கு நேரம் ஆயிற்று. வந்தபோது கையில் ஒரு பழைய பிரஷ் இருந்தது, அதை வெந்நீரில் ஊற வைத்து இளக்கிக்கொண்டு வந்திருந்தார். பச்சைப் பக்கத்தைத் தேய்த்துவிட்டு அந்தப் பக்கமிருந்து அவர் ஆரம்பித்தார். இந்தப் பக்கமிருந்து இவர்.

யாழினி வாசலுக்கு வந்தாள். இரண்டு பேரையும் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலை மட்டும் அதட்டலாக வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ரெண்டு பேரும் கீழ பேப்பர் போட மாட்டீங்களா? தரையெல்லாம் சொட்டுது."

அவளே கொண்டுவந்து விரித்தாள்.

உலகநாதனுக்குப் பிரஷ் பிடிக்க வரவே வராது. பெயிண்டில் தோய்த்த பிரஷை வாளி விளிம்பில் வழிக்காமல் அப்படியே வைப்பார். பெயிண்ட் தூணில் தாரையாக இறங்கி, அண்ணன் அடித்து முடித்த பக்கத்துக்கு ஓடி வந்தது. வைத்திலிங்கத்துக்கு உள்ளே பழைய சூடு குப்பென்று ஏறியது.

"வழியுதுடா."

"துடைக்கிறேன்."

"அன்னிக்கும் இதே மாதிரிதான்..."

சொல்லிவிட்டார். பால்காரர் பெல்லைத் துடைப்பதை நிறுத்தினார். யாழினியின் முகம் சுருங்கியது. உலகநாதன் பிரஷைக் கீழே இறக்கினார்.

வைத்திலிங்கம் வாயைத் திறந்தபடியே நின்றார். அப்புறம் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார்.

"அன்னிக்கும் இதே மாதிரிதான் நீ துடைக்கிறேன்னு சொன்னே. நான்தான் விடல. இந்தா."

உலகநாதன் துண்டை வாங்கினார். துடைக்கிறேன் பேர்வழி என்று இன்னும் கொஞ்சம் இழுகிவிட்டார். அதை வைத்திலிங்கம் தம் பிரஷால் சரி செய்தார்.

இரண்டு பேரும் அவரவர் பக்கத்தை அடித்துக்கொண்டு போனார்கள்.

"நாளைக்குக் காலையில பந்தக்கால்," என்றார் உலகநாதன், தூணைப் பார்த்துக்கொண்டே.

"ம்."

"ஆறு மணிக்கு நல்ல நேரம்."

"ம்."

"அஞ்சரைக்கே காபி போட்டுடச் சொல்றேண்ணே."

சாயங்காலம் வைத்திலிங்கம் வாளியை எடுத்துக்கொண்டு மடத்துக்கு வந்தார். கொல்லையில் தட்டுகளில் இருந்தது கட்டியாகி, அம்மை அதை ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். பின்கட்டு அறை கழுவிவிட்டு, ஜன்னல் திறந்து கிடந்தது.

"தீர்ந்துடுச்சா?"

"தீர்ந்துடுச்சும்மா. தூண் முழுக்க ரெண்டு தடவை வந்தது. யாருக்கு எந்தப் பக்கம்னு இனிமே தூணைப் பார்த்துச் சொல்ல முடியாது."

"பந்தக்கால்?"

"நாளைக்கு. நான்தான்."

அம்மை தலையாட்டினார். வைத்திலிங்கம் போகாமல் நின்றார்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். கோபம் முழுசாப் போகல. இன்னிக்கு அவன் பிரஷ் பிடிச்ச அழகைப் பார்த்ததும் மறுபடி ஏறிடுச்சு. எப்படியோ சமாளிச்சேன். நாளைக்குக் காலையில மூங்கிலைக் கோணலாப் பிடிச்சான்னா என்ன ஆகும்னு தெரியல. பயமா இருக்கு."

"எவ்வளவு மிச்சம் இருக்கு?"

அவர் யோசித்தார். பொய் சொல்லக் கூடாது என்று யோசித்தார். பிறகு கையில் இருந்த வாளியைச் சாய்த்துக் காட்டினார். அடியில் மெல்லிசாக, ஈரம் மினுங்க, கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இவ்வளவு இருக்கும்மா."

சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில் மூடியை எடுத்து வாளிமேல் வைத்து அழுத்தப் போனார்.

"மூடாதீங்க ஐயா," என்றார் அம்மை. "அவ்வளவுதானே. திறந்தே இருக்கட்டும்."